வைத்த நீர், கொடுத்த நீர்

உயிர்களுக்குத் தண்ணீர் தருவது புண்ணியம் என்ற எண்ணம் நம் நாட்டில் கோடைகாலத்தோடு பிணைந்திருக்கிறது. வெயில் ஏறத் தொடங்கியதும் சாலையோரங்களில் தண்ணீர்ப் பந்தல் அமைப்பதும், மாடியில் காக்கைக்கும் குருவிக்கும் மண்சட்டியில் நீர் வைப்பதும் பல குடும்பங்களில் வழக்கம். மழை வந்ததும் அந்தச் சட்டி கவிழ்த்து வைக்கப்படுகிறது. தாகம் என்றாலே வெயில் என்று மனம் பழகிவிட்டது. ஆனால் இந்நாட்டின் வடகோடியில், ஆண்டின் மிகக் குளிர்ந்த நாட்களில், எதிரே தண்ணீர்ப் பாத்திரம் விளிம்புவரை நிறைந்திருக்க, அதன் அருகிலேயே நின்று தாகத்தால் வாடுகின்ற உயிர்கள் உண்டு. காஷ்மீரத்துக் கிராம வீடுகளின் கொல்லையில் வளரும் கோழிகள் அவை. பாத்திரத்தில் இருப்பது நீர்தான். அது உறைந்து கல்லாகிவிட்டது.

கோழிக்குத் தண்ணீர் வைப்பதில் ஆராய என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். கடமை எங்கே தொடங்குகிறது, எப்போது அது நிறைவேறியதாகக் கொள்ளலாம் என்ற கேள்வி பழையது. அதற்குப் பெரிய தியாகங்களில் விடை தேடுவதே வழக்கம். யாரும் பார்க்காத, பார்த்தாலும் பாராட்டாத, செய்து முடித்த சில மணி நேரத்தில் மீண்டும் செய்தாக வேண்டிய இத்தகைய சிறு வேலையில் அந்த விடை இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

பெரிய குளிர்

காஷ்மீரப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தின் மிகக் கடுமையான 40 நாட்களுக்குச் ‘சில்லை கலான்’ என்று பெயர். பெரிய குளிர் என்பது அதன் பொருள். டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கி ஜனவரி இறுதிவரை அது நீடிக்கும். அடுத்த 20 நாட்கள் ‘சில்லை குர்த்’, அதாவது சிறிய குளிர். அதற்குப் பின் வரும் 10 நாட்களுக்குக் குளிரின் குழந்தை என்ற பொருளில் ‘சில்லை பச்சா’ என்று செல்லமாகப் பெயரிட்டிருக்கிறார்கள். ஸ்ரீநகரில் 2021 ஜனவரியிலும், 2024 டிசம்பரிலும் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 8 டிகிரியையும் தாண்டி இறங்கியது. தால் ஏரியின் மேற்பரப்பு பல இடங்களில் உறைந்தது. அத்தகைய நாட்களில் தண்ணீர்க் குழாய்கள் அடைத்துக்கொள்வதும், காலையில் குழாயைச் சுற்றித் தீ மூட்டி அதை இளக்குவதும் அங்கே வியப்புக்குரிய காட்சிகள் அல்ல. மக்கள் தளர்ந்த நீண்ட அங்கிக்குள் ‘காங்கிரி’ என்னும் கரிநெருப்புச் சட்டியை ஏந்தியபடி நடமாடுகிறார்கள்.

கோழிக்குக் காங்கிரி தேவையில்லை. இறகுகளுக்கு நடுவே காற்றைச் சிறைப்பிடித்து வைத்துக்கொண்டு அது தன் உடலின் 41 டிகிரி வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். கூடு உலர்ந்திருந்து, காற்று நேரே வந்து தாக்காமல் இருந்து, தீவனமும் போதுமானதாக இருந்தால் அந்தப் பெரிய குளிரையும் அது கடந்துவிடும். குளிரில் இறகு செய்யும் உதவியைத் தாகத்தில் செய்ய அதன் உடலில் எதுவும் இல்லை.

முட்டையிடும் ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிலிட்டர் நீர் குடிக்கிறது. தின்னும் தீவனத்தைப் போல் எடையில் இரு மடங்கு என்று கொள்ளலாம். உலர்ந்த தானியம் கழுத்தடியிலுள்ள இரைப்பையில் ஊறி மென்மையான பின்புதான் கீழே இறங்கும். ஊற நீர் வேண்டும். முட்டையின் ஓட்டை நீக்கிவிட்டால் எஞ்சுவதில் முக்கால் பங்கு நீரே. பெரும்பாலான பறவைகளைப் போலவே கோழியாலும் நீரை உறிஞ்சிக் குடிக்க இயலாது. அலகால் சிறிது மொண்டு, தலையை மேலே உயர்த்தி, அது தொண்டைக்குள் வழியும்படி விட வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் இப்படித்தான். ஆகவே பாத்திரத்தின் மேல் விரல் கனத்துக்குப் பனிக்கட்டி படிந்தாலே போதும், அடியில் எவ்வளவு நீர் இருந்தாலும் அது கோழிக்கு இல்லை.

இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அப்போது அது குடிப்பதில்லை. டிசம்பர் இறுதியில் ஸ்ரீநகரில் சூரியன் உதிக்கக் காலை ஏழரை மணி ஆகிறது. மாலை ஐந்தரைக்குள் மறைந்துவிடுகிறது. ஏறக்குறைய 14 மணி நேரம் நீரின்றிக் கூட்டுக்குள் கம்பின்மேல் அமர்ந்திருந்த கோழி, விடிந்து கீழே இறங்கியதும் நீரைத் தேடுகிறது. முந்தைய நாள் மாலை வைத்த நீர் அப்போது இறுகிக் கிடக்கும். வெயில் பட்டு அது இளகும் என்று காத்திருந்தால் நண்பகல் ஆகிவிடும்; மேகமூட்டமான நாளில் இளகாமலே போகும். அன்றைய வெளிச்சம் இருப்பதோ மொத்தம் பத்து மணி நேரத்துக்கும் குறைவு.

இங்கே ஒரு வினோதம் நேர்கிறது. கூட்டைப் பார்வையிட வருபவரின் கண்ணுக்குப் பாத்திரம் நிறைந்திருக்கிறது. காலியான பாத்திரம் பார்ப்பவரின் மனத்தை உறுத்தும். நிறைந்த பாத்திரம் அவருக்கு நிம்மதி தருகிறது. குடிக்க முடியாததால்தான் அது நிறைந்திருக்கிறது என்பது சட்டென்று மனத்தில் தோன்றுவதில்லை. தாகித்த கோழி கூவி அழைத்து முறையிடுவதும் இல்லை. அது ஒடுங்கி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக நிற்கும். குளிரில் ஒடுங்கிய கோழிக்கும் தாகத்தில் ஒடுங்கிய கோழிக்கும் பார்வைக்கு வேறுபாடு தெரியாது.

தமிழில் ‘தண்ணீர் வைத்தேன்’ என்றும் சொல்கிறோம், ‘தண்ணீர் கொடுத்தேன்’ என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. வைப்பது என்பது வைப்பவரோடு முடிந்துவிடும் செயல். கொடுப்பது என்பது பெறுபவரிடம் போய்ச் சேர்ந்த பின்புதான் முடிகிறது. பல் விழுந்த முதியவரின் முன் முறுக்குத் தட்டை வைத்துவிட்டு, அவருக்குச் சிற்றுண்டி கொடுத்துவிட்டதாக ஒரு மருமகள் நினைத்துக்கொண்டால் அதை யாரும் ஏற்கமாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஏழையிடம் பன்னிரண்டு பக்க விண்ணப்பத்தை நீட்டி, உதவித் திட்டம் அவருக்காகத் திறந்தே இருக்கிறது என்று சொல்லும் அலுவலகமும் அந்த மருமகளின் நிலையில்தான் இருக்கிறது. செயலின் அளவுகோலைத் தன் கையில் வைத்திருக்கும்வரை மனிதன் எளிதில் நிறைவடைந்துவிடுகிறான். அளவுகோலை எதிரிலுள்ள உயிரிடம் கொடுத்துப் பார்க்கும்போதுதான் நீர் உறைந்திருப்பது தெரிகிறது.

‘வெளியே இவ்வளவு பனி கிடக்கிறதே, அதைக் கொத்தித் தின்று தாகத்தைத் தணித்துக்கொள்ளாதா?’ என்று ஒரு கேள்வி எழும். கோழிகள் பனியைக் கொத்துவதும் உண்டு. ஆனால் கணக்குப் பார்த்தால் அது எவ்வளவு கொடிய யோசனை என்பது புரியும். புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்று. 200 மில்லிலிட்டர் நீரைப் பெறச் சுமார் இரண்டு லிட்டர் பனியை ஒரு கோழி கொத்தி விழுங்க வேண்டும். ஒரு கிராம் பனி உருக 80 கலோரி வெப்பம் தேவை. உருகியதை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர மேலும் 40 கலோரி. ஆக 200 கிராம் பனிக்கு 24 கிலோகலோரி செலவாகிறது. ஒரு நாள் தீவனத்திலிருந்து கோழிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 290 கிலோகலோரி. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பனியை உருக்கவே செலவிட வேண்டும், அதுவும் உடலைச் சூடாக வைத்திருக்க ஒவ்வொரு கலோரியும் தேவைப்படும் நாளில். வீட்டின் அடுப்பில் நடக்க வேண்டிய வேலையைக் கோழியின் வயிற்றுக்குள் தள்ளிவிடுவதற்கு இது ஒப்பாகும்.

கருணையா, கடனா?

கோழிக்கு நீர் தருவதைக் கருணை என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கருணை என்பது செய்தால் சிறப்பு. செய்யாவிட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. வழியில் தென்படும் பசித்த நாய்க்கு ஒருவர் ரொட்டி போட்டால் அது கருணை. கொல்லையில் தானே அடைத்து வைத்த கோழியின் நிலைமை வேறு.

வீட்டுக்கோழியின் மூதாதை தெற்காசிய, தென்கிழக்காசிய வெப்பக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. நீருள்ள இடம் அதற்குத் தெரியும். அது வற்றினால் வேறிடம் போகும். மனிதன் அதைப் பிடித்துப் பழக்கி, பல ஆயிரம் ஆண்டுகளில் அதன் உடலையும் இயல்பையும் மாற்றி, அதன் இனம் ஒருநாளும் கண்டிராத பனிநாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான். காஷ்மீர் ஃபாவரோலா என்ற உள்ளூர்க் கோழியினமாகட்டும், ஹைதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா இனமாகட்டும், பனி இல்லாத மாதங்களில் அவை தாமே மேய்ந்து, வாய்க்காலிலும் வயலோரத்திலும் நீர் குடித்துக்கொள்கின்றன. பனி மூடியதும் கதவு சாத்தப்படுகிறது. நரிக்கும் குளிருக்கும் பயந்து சாத்தப்படும் கதவுதான். எனினும் நீரைத் தேடிப் போகும் ஆற்றலை அந்தக் கதவு கோழியிடமிருந்து பறித்துவிடுகிறது. பறித்தவர் அதற்கு ஈடு செய்யக் கடன்பட்டவர்.

பள்ளத்தாக்கில் பெரும்பான்மையோர் அறிந்திருக்கும் நபிமொழி ஒன்று இதையே சொல்கிறது. ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்தாள். உணவும் நீரும் தரவில்லை. தானே போய் இரை தேடிக்கொள்ளவும் விடவில்லை. அது இறந்தது. அதற்காக அவள் தண்டனைக்கு உள்ளானாள் என்கிறது அந்த மொழி. குற்றம் இரண்டு பகுதிகளாகப் பிரித்துச் சொல்லப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. உணவு தராதது மட்டும் குற்றமாகச் சொல்லப்படவில்லை. தேடிக்கொள்ளவும் விடாததோடு அது சேர்த்துச் சொல்லப்படுகிறது. கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் மொண்டு, தாகித்த நாய்க்குக் கொடுத்தவர் மன்னிப்புப் பெற்றார் என்ற மற்றொரு நபிமொழியை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அந்த நாயை அவர் கட்டிப்போடவில்லை. அவர் செய்தது கருணை. ஆகவே அது நற்பேறாகிறது. பூனையை அடைத்தவள் தர வேண்டியிருந்ததோ கடன்.

இதே நுட்பம் இல்லறத்தாருக்கு விதிக்கப்பட்ட ஐந்து வேள்விகளிலும் இருக்கிறது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம் ஆகிய ஐந்தும் இல்லறத்தானின் வீட்டில் உயிர்க்கொலை நிகழும் இடங்கள் என்று மனு ஸ்மிருதி எண்ணிச் சொல்கிறது. வீட்டில் வாழ்வதாலேயே அறிந்தும் அறியாமலும் சிற்றுயிர்கள் மடிகின்றன. அந்தப் பாவத்துக்கு ஈடாகவே ஐந்து வேள்விகள் விதிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று பிற உயிர்களுக்கு உணவளிக்கும் பூத வேள்வி. காக்கைக்கு வைக்கும் சோற்றுப் பிடியைத் தர்மம் செய்வதாக நினைத்துப் பெருமைப்படுபவர்கள், அது கணக்குத் தீர்க்கும் செயலாக விதிக்கப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த ஐந்தின் பட்டியலில் தண்ணீர்க் குடமும் இருப்பது யோசிக்க வைக்கிறது. உயிர் காக்கும் பாத்திரமே கவனமின்மையால் உயிர் எடுப்பதாகவும் ஆகிவிடும்.

அரசின் சட்டமும் இதைக் கருணையாக விட்டுவிடவில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிவைத்த முயற்சியின் பயனாக, 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. பிராணியை வைத்திருப்பவர் அதற்குப் போதிய உணவும் நீரும் தங்குமிடமும் தராவிட்டால் அது வதை என்று அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. அடிப்பதும் உதைப்பதும் வரும் அதே பட்டியலில்தான் இதுவும் இடம்பெற்றிருக்கிறது. முதல் குற்றத்துக்குச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அந்தத் தொகைக்குப் பயந்து யாரும் காலையில் எழுந்து பனியை உடைக்கப்போவதில்லை. பிரிட்டனில் பண்ணை விலங்குகளின் நலனுக்கான குழு 1979-இல் வகுத்த ஐந்து சுதந்திரங்களில் முதலாவது பசி, தாகத்திலிருந்து விடுதலை. தூய நீர் எளிதில் எட்டும்படி இருக்க வேண்டும் என்று அது விளக்கப்படுகிறது. எட்ட வேண்டும் என்ற அந்தச் சொல்லில் மேலே பார்த்த வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

சுயநலம் இந்தக் கடமையைத் தானே செய்வித்துவிடும் என்று ஒரு கருத்து உண்டு. கோழி முட்டையிட நீர் வேண்டும். முட்டை வேண்டுபவர் நீர் வைப்பார். இதில் தர்மத்துக்கு என்ன வேலை? வேனிற்காலத்தில் இது ஓரளவு உண்மை. ஒரு நாள் முழுதும் நீர் இல்லாவிட்டால் முட்டை குறைந்து, பழைய அளவுக்குத் திரும்பப் பல நாட்கள் ஆகும்; உரிமையாளர் விழித்துக்கொள்வார். ஆனால் சில்லை கலானில் பகல் குறுகிவிடுவதால் கோழிகள் இயல்பாகவே முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்ளும். பல முழுவதுமாக நிறுத்திவிடும். அப்போது முட்டைக் கணக்கு எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. தாகத்தால் முட்டை நின்றதா, பருவத்தால் நின்றதா என்று யாரும் அறிய முடியாது. அதாவது, உழைப்பு மிகவும் தேவைப்படும் 40 நாட்களில்தான் பலன் மிகக் குறைவாக இருக்கிறது. கோழி உயிரோடு வசந்தத்தைக் கண்டால் போதும் என்ற எண்ணத்துக்கு அரைத்தாகமே போதுமானது. பலமுள்ள கோழி அதையும் தாங்கிவிடும். அந்த அரைத்தாகத்துக்கும் முழு நீருக்கும் இடையிலுள்ள வேலையைச் சுயநலம் செய்யாது. பலனில் கண் வைக்காமல் செயலாற்றுவது என்பது துறவிகளுக்கும் வீரர்களுக்கும் உரிய உயர்ந்த நிலை என்று கருதுபவர்கள் உண்டு. முட்டையிடாத கோழிக்கு விடியற்காலையில் வெந்நீர் கொண்டுபோகும் ஒரு பெண்ணிடம் அது எந்த ஆரவாரமும் இல்லாமல் இருக்கிறது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கடைசியில் அறுக்கப்படப்போகும் கோழியின் தாகத்துக்காகக் கவலைப்படுவது போலித்தனம் அல்லவா? புலால் மறுத்தவர்கள் இதைக் கோபத்தோடு கேட்கிறார்கள். புலால் உண்பவர்களில் சிலர் கேலியாகக் கேட்கிறார்கள். இருவருக்கும் அசோகர் பதில் வைத்திருக்கிறார். தம் அரண்மனைச் சமையலறையில் நாள்தோறும் இன்னும் இரண்டு மயிலும் ஒரு மானும் கொல்லப்படுவதை முதல் பாறைக் கல்வெட்டிலேயே அவர் மறைக்காமல் பொறித்தார். அதுவும் நிற்கும் என்றார். கொலை முழுதும் நின்ற பின்புதான் மற்றவற்றைப் பார்ப்பது என்று அவர் காத்திருக்கவில்லை. மனிதருக்கும் விலங்குகளுக்கும் பயன்படச் சாலைகளில் கிணறுகள் வெட்டுவித்தார். ஐந்தாம் தூண் கல்வெட்டில், சேவல்களுக்கு விதையடிக்கக் கூடாது என்று கோழிக்காகவும் ஒரு வரி எழுதினார். இன்னும் நிறைவுறாத அஹிம்சை, இன்று செய்யக்கூடிய சிறிய நன்மையைத் தள்ளிப்போட உரிமை தருவதில்லை. கோழிக்கு இறுதிநாள் எதுவாக இருந்தாலும் அதற்கு முன் நூற்றுக்கணக்கான காலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு காலையிலும் அதற்குத் தாகம் எடுக்கிறது.

புலால் மறுத்தவர்கள் இந்தப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டதாகவும் எண்ண முடியாது. கட்டுத்தறியில் நிற்கும் பசுவும், சங்கிலியில் இருக்கும் நாயும், கூண்டுக் கிளியும் கோழியின் நிலையில்தான் இருக்கின்றன.

யார் சுமக்கிறார்கள்?

கடமையைப் பற்றிப் பேசும்போது அதைச் செய்யும் கைகளைப் பற்றியும் பேச வேண்டும். கிராமங்களில் கொல்லைக் கோழி வளர்ப்பு பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு. குழாய் உறைந்த நாட்களில் குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நீரையே ஓடையிலிருந்தோ ஊர்க் குழாயிலிருந்தோ அவர்கள் வாளியில் சுமந்து வருகிறார்கள். பத்துக் கோழிகளுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் என்பது பெரிய அளவல்ல. ஆனால் அதை ஒரே முறை வைத்துவிட முடியாது. காலையில் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை, கோழிகள் அடைவதற்கு முன் ஒரு முறை என்று மூன்று தடவையாவது பனியில் நடந்து, பழைய கட்டியைத் தட்டிக் கொட்டி, புதிய நீர் ஊற்ற வேண்டும். ஆழமற்ற தட்டாக இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் அதுவும் இறுகத் தொடங்கிவிடும். ஈரக் கைகளோடு செய்யும் இந்த வேலையில் விரல்கள் வெடிக்கும்.

ஆகவே இன்னும் ஐந்து கோழி வாங்கலாம் என்று தீர்மானிப்பவர், அவற்றுக்கு நீர் சுமப்பவராகவும் இருக்க வேண்டும். இல்லையெனில் சுமப்பவரைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். கூட்டில் எத்தனை கோழிக்கு இடமிருக்கிறது என்பதைப் பார்ப்பது போதாது. ஜனவரி மாதத்தில் எத்தனை கோழிக்கு நீர் தரக் கைகள் இருக்கின்றன என்பதே சரியான எண்ணிக்கை. வீட்டிலுள்ள குழந்தைக்கே போதிய வெந்நீர் இல்லாத நாளில் கோழிக்கு முதலிடம் தர வேண்டுமா என்று கேட்டால், குழந்தைக்குத்தான் முதலிடம். அப்படிப்பட்ட நாட்கள் வரும் என்று தெரிந்த வீடு, பனிக்காலத்துக்கு முன்பே கோழிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். அடைத்துவிட்டு, பிறகு இயலாமையைக் காரணம் காட்டுவது நேர்மையாகாது.

சுமையைக் குறைக்க எளிய வழிகள் இருக்கின்றன. உலோகத் தட்டு வெப்பத்தை விரைவில் இழக்கும்; பிளாஸ்டிக் பாத்திரம் உறைந்த நீரின் விரிவில் வெடித்துவிடும், ஏனெனில் நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிகிறது. தடித்த கறுப்பு ரப்பர் தொட்டி இவ்விரண்டையும்விட நல்லது. அது வெயிலை ஈர்க்கும், கவிழ்த்துத் தட்டினால் கட்டி கழன்று விழும், உடையாது. அகலத்தைவிட ஆழம் அதிகமுள்ள பாத்திரத்தில் நீர் தாமதமாக உறையும். வைக்கோலோ உமியோ அடைத்த மரப்பெட்டிக்குள் பாத்திரத்தை இறக்கி, காற்று படாமல் தெற்கு வெயில் விழும் சுவரோரம் வைத்தால் இன்னும் சிறிது நேரம் கிடைக்கும். இரண்டு பாத்திரங்கள் வைத்துக்கொண்டு, ஒன்று வெளியே இருக்கும்போது மற்றதை வீட்டினுள் அடுப்பருகே இளகவிடுவது பலருக்கும் கைகொடுக்கும் முறை. நீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கும் நீரைக் கோழி தொடாது.

குறுக்கு வழிகளில் எச்சரிக்கை வேண்டும். உப்புக் கலந்தால் நீர் உறையத் தாமதமாகும் என்பது உண்மை. அந்த அளவு உப்பு கோழிக்கு நஞ்சு. வாகனங்களில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் இனிப்பாக இருக்கும், கொன்றும்விடும். மின்சூடேற்றி பொருத்துபவர்கள், உலர்ந்த கூளமும் மின்கம்பியும் ஒரே இடத்தில் இருப்பதை மறக்கக் கூடாது. மின்வெட்டு நேரும் இரவுகளில் அது பயன்படவும் செய்யாது. பெரிய பண்ணைகளில் கொட்டகை முழுவதையும் சூடாக்கி, குழாய்வழி நீர் சொட்டச் செய்கிறார்கள். அங்கே கண்காணிக்க வேண்டியவை வேறு.

இரவில் கூட்டுக்குள் நீர் வைப்பது அன்பின் மிகுதியால் செய்யப்படும் தவறு. இருட்டில் கோழி குடிக்காது. மாறாக அந்த நீரின் ஆவி கூட்டுக்குள் ஈரத்தை ஏற்றுகிறது. ஈரக்காற்றில்தான் கொண்டை உறைந்து கறுத்துப்போகிறது. அகலத் தட்டில் குடிக்கும் சேவலுக்கு அலகின் கீழே தொங்கும் மடல்களும் நனைந்து உறையும். மாலையில் வயிறு நிறையக் குடிக்கவிட்டு, பிறகு பாத்திரத்தைக் காலி செய்து கவிழ்த்து வைப்பதே கோழிக்கு நல்லது. கொடுப்பவரின் மனத்துக்கு இது சற்று கடுமையாகத் தோன்றலாம். தம் மன ஆறுதலுக்காக வைக்கிற நீர், கோழிக்கு வேண்டாத நேரத்தில் வைக்கிற நீர்.

தூய்மையைக் குளிர்காலத்தில் மறந்துவிடுவது எளிது. எச்சமும் கூளமும் நீரோடு சேர்ந்து உறைந்துவிட்டால் நாற்றம் தெரியாது, பார்வைக்கும் உறுத்தாது. நண்பகலில் இளகும்போது அதே அழுக்கு நீரைத்தான் கோழி குடிக்கிறது. பழைய கட்டியின் மேலேயே வெந்நீரை ஊற்றிவிட்டுப் போவது வேலையைச் சுருக்கும். முந்தைய நாளின் அழுக்கையும் அது மீட்டுத் தரும். கட்டியை முழுதும் அகற்றிப் பாத்திரத்தைத் துடைத்துவிட்டு ஊற்ற வேண்டும். பாத்திரத்தின் விளிம்பைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வைத்தால் அழுக்கு விழுவது பெருமளவு குறையும்.

சில்லை பச்சா முடியும்போது பகல் நீண்டிருக்கும். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும்; வாய்க்காலில் நீர் ஓடத் தொடங்கும்; கோழிகள் தாமே வெளியே போய்க் குடித்துவிடும். முட்டைகளும் மீண்டும் வரும். சில வாரங்களில் ஒரு கோழி அடைக்கு அமரும். அது நாளில் சில நிமிடங்களே கூட்டைவிட்டு இறங்கும்; அந்த நேரத்தில் வாய்க்காலைத் தேடிப் போகாது. அதற்காக நீர்ப் பாத்திரம் திரும்பவும் கூட்டருகே வருகிறது. மூன்று வாரம் கழித்துக் குஞ்சு பொரித்ததும் ஆழமான ரப்பர் தொட்டியை எடுத்துவிட்டு, கூழாங்கற்கள் பரப்பிய ஆழமற்ற தட்டை வைக்கிறார்கள். குஞ்சு அதில் மூழ்கிவிடக் கூடாது.